வெளிநாட்டில் வாழும் பின்லாந்துக்காரரும் அவர் காபியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெல்சிங்கியில் குடும்பம் நடத்துகிறேன். கணவர் பின்லாந்துக்காரர், சில ஆண்டுகள் லண்டனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் புவென்ஹிரோலா என்ற ஊரில் குடியேறிவிட்டார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் இவர்களைப் பற்றியும் இவர்கள் குடிக்கும் காபியைப் பற்றியும் அதே கேள்விகள்தான். சித்தி கேட்பார், தம்பி கேட்பான், இங்கே படிக்க வரப்போகும் பிள்ளைகள் மின்னஞ்சலில் கேட்பார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

அந்தக் குளிரில் காபிச் செடி வளருமா? பிறகு எங்கிருந்து வருகிறது?

வளராது. எல்லாம் கப்பலில் வருவதுதான், பெரும்பங்கு பிரேசிலிலிருந்து. பச்சைக் கொட்டையாக வந்து இங்கே வறுபடுகிறது. ஜெர்மனியின் லியூபெக் நகரத்திலிருந்து வந்த குஸ்தாவ் பவ்லிக் என்பவர் 1876-இல் ஹெல்சிங்கியில் தொடங்கிய வணிகம் இன்றைக்கும் நாட்டின் பெரிய காபி நிறுவனமாக இருக்கிறது. 1904-இல் அந்த நிறுவனம் வறுக்கும் ஆலையைத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலான வீடுகளில் பச்சைக் கொட்டையை வாங்கி, அடுப்பில் தாங்களே வறுத்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் அரைத்துக்கொண்டார்கள். நம் பாட்டிமார் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் அரைக்கிலோப் பொட்டலங்கள் செங்கல் போல அடுக்கியிருக்கும். அவற்றில் சிவப்பு உறையில் இருக்கும் 'யுஹ்லா மொக்கா' 1929 முதல் விற்பனையில் இருக்கிறது. வெளிநாடு போகும் பின்லாந்துக்காரரின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் அந்தச் சிவப்புதான் கண்ணில் படும்.

உலகத்திலேயே அதிகமாகக் காபி குடிப்பது இவர்கள்தானாமே, உண்மையா?

ஏறக்குறைய உண்மை. தலைக்கு ஆண்டுக்கு 10 கிலோவை ஒட்டிக் காபித்தூள் செலவாகிறது. பட்டியல் போடுபவரைப் பொறுத்து முதலிடம் மாறலாம். உச்சிக்கு அருகிலிருந்து இவர்கள் இறங்குவதில்லை. இந்தியாவின் சராசரி ஒரு கிலோவைக்கூடத் தொடாது. அதற்குத் தமிழ்நாட்டைக் குறை சொல்ல முடியாது, நாம் நம் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

காலையில் எழுந்ததும் ஒன்று, அலுவலகம் போனதும் ஒன்று, மதிய உணவுக்குப் பின் ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, வீடு திரும்பியதும் ஒன்று. இரவு எட்டு மணிக்குக் குடித்துவிட்டுப் பத்து மணிக்குத் தூங்கப் போகிறவர்களும் உண்டு. காபி இடைவேளை என்பது முதலாளி பெரிய மனதுபண்ணிக் கொடுப்பது அன்று. தொழிற்சங்கங்கள் செய்துகொள்ளும் பல கூட்டு ஒப்பந்தங்களில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

நம் டிகாக்ஷன் காபி மாதிரி இருக்குமா?

இருக்காது. அதை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். கோப்பைக்கு ஒரு கரண்டி, அதாவது சுமார் 7 கிராம் தூள், ஒன்றரை டெசிலிட்டர் (150 மில்லி) தண்ணீர் என்பது வழக்கமான அளவு. மின்சார இயந்திரத்தில் காகித வடிகட்டி வழியாகச் சொட்டிச் சொட்டி இறங்கும். நிறம் நம் கண்ணுக்குக் கடுந்தேநீர் போலத் தெரியும். நாக்கில் கொஞ்சம் புளிப்புத் தட்டும். பால் சேர்ப்பவர்கள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சில்லென்று அப்படியே ஊற்றுவார்கள். சித்தியிடம் இதைச் சொன்னபோது, "அது காபி கழுவிய தண்ணீர்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆனால் முதல் கோப்பையை வைத்து இதை எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. கும்பகோணம் டிகிரி காபியை நாள் முழுக்க ஐந்து தடவை குடித்தால் வயிறு நம்மை விடாது. இதைக் குடிக்கலாம். ஐந்தாவது கோப்பையும் இறங்குகிறதா என்பதுதான் இந்தக் காபிக்கு உரிய அளவுகோல்.

இவ்வளவு வெளிறிப்போக வறுப்பது ஏன்? கொட்டை மட்டமா?

கொட்டை மட்டமானால் இப்படி வறுக்கவே முடியாது. கறுக்க வறுத்தால் கொட்டையின் குறைகள் கருகலுக்குள் ஒளிந்துகொள்ளும். இளவறுவலில் அத்தனையும் வெளியே தெரிந்துவிடும். உறையில் ஒன்று முதல் ஐந்து வரை வறுவல் எண் போட்டிருப்பார்கள். மேலே சொன்ன சிவப்புப் பொட்டலம் எண் ஒன்று.

இன்னொரு காரணம் தண்ணீர். ஹெல்சிங்கிக்குக் குடிநீர் பையன்னே ஏரியிலிருந்து, பாறையைக் குடைந்து போட்ட 120 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வருகிறது. அந்தச் சுரங்கம் 1982-இல் முடிந்தது. தண்ணீர் மிக மென்மையானது, உப்புக் கரிப்பே கிடையாது. இளவறுவலின் மெல்லிய புளிப்பும் மணமும் இப்படிப்பட்ட தண்ணீரில்தான் கெடாமல் இறங்கும். தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

சிக்கரி கலப்பார்களா?

கலப்பதில்லை, கலந்தால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காபி பங்கீட்டுக்குப் போய், பிறகு அடியோடு மறைந்தது. சிக்கரி வேர், கோதுமைக்கு உறவான ரை தானியம், டேன்டிலியன் என்ற காட்டுச் செடியின் வேர் என்று எதையெல்லாமோ வறுத்துக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறார்கள். 1946 பிப்ரவரியில் பிரேசில் காபியோடு 'ஹெராக்ளெஸ்' என்ற கப்பல் துர்க்கு துறைமுகத்துக்கு வந்தபோது அதைப் பார்க்கவே கூட்டம் திரண்டது. பங்கீடு முழுமையாக நீங்கியது 1954-இல்தான்.

கணவரின் பாட்டிக்கு நான் ஊரிலிருந்து கொண்டுவந்த, சிக்கரி கலந்த தூளில் ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். "நீங்கள் இதைக் காசு கொடுத்தா வாங்குகிறீர்கள்?" என்றார். நமக்கு மணமாக இருப்பது அவருக்குப் பஞ்சத்தின் வாடை.

முன்பு அரசாங்கமே காபியைத் தடை செய்ததாமே?

செய்தது, ஒரு தடவைக்கு மேல். அப்போது பின்லாந்து ஸ்வீடன் ஆட்சியின் கீழ் இருந்தது. 1809 வரை அப்படித்தான். 1756-இல் முதல் தடை. காரணம் பணம் வெளிநாட்டுக்குப் போகிறது என்பது. தடை எதுவும் நிலைக்கவில்லை.

பின்லாந்தே பணக்கார நாடு. அங்கிருந்து எதற்காக வெளியே போகிறார்கள்?

இன்றைக்குப் பணக்கார நாடு. 1860-கள் தொடங்கி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். மிஷிகன், மின்னசோட்டா மாநிலங்களின் சுரங்கங்களிலும் காடுகளிலும் வேலை பார்த்தார்கள். பிறகு ஸ்வீடன் அலை. வட ஐரோப்பாவின் நோர்டிக் நாடுகளுக்குள் யாரும் எங்கும் வேலை செய்யலாம் என்று 1954-இல் ஆனது. 1969, 1970 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஆண்டுக்கு நாற்பதாயிரம் பேர் அளவில் ஸ்வீடனுக்குப் போனார்கள். கோத்தன்பர்க்கின் வோல்வோ ஆலையில் பின்னிஷ் மொழி கேட்டுக்கொண்டே இருந்த காலம் அது. வேலை தேடிப் பெட்டி கட்டிய கதை நமக்கு ஒன்றும் புதியதில்லை.

இப்போது போகிறவர்கள் வேறு ரகம்: படிப்பு, மென்பொருள் வேலை, திருமணம். ஓய்வுபெற்றவர்கள் வெயிலுக்காகப் போகிறார்கள். நாத்தனார் வாழும் புவென்ஹிரோலாவில் லோஸ் பாக்கோஸ் என்ற பகுதியில் பின்னிஷ் பள்ளிக்கூடம், பின்னிஷ் ரொட்டிக்கடை, பின்னிஷ் பேசும் பல் மருத்துவர் எல்லாம் இருக்கிறார்கள். ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாமல் அங்கே காலம் தள்ளுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாத்தனாருக்கும் இல்லை, அவர் மொழியைப் படித்துக்கொண்டார்.

காபி எல்லா ஊரிலும் கிடைக்கிறதே. பெட்டியில் அடைத்துக்கொண்டு போவானேன்?

இன்னும் வேடிக்கை, அந்தச் சிவப்புப் பொட்டலமே புவென்ஹிரோலாக் கடைகளில் கிடைக்கிறது. விலைதான் கூடுதல். கோடையில் நாத்தனார் இங்கே வந்தால், திரும்பும் நாளுக்கு முந்தைய மாலை எங்கள் கூடத்துத் தரையில் பெட்டியைத் திறந்துவைப்பார். முதலில் பொட்டலங்கள் அடியில் வரிசையாக. இடுக்குகளில் ஏலக்காய் டப்பி, ரை ரொட்டி, கறுப்பு மிட்டாய். துணிமணி கடைசியில், இடம் இருந்தால். கையால் தூக்கிப் பார்த்து, எடை கூடிவிட்டால் செருப்பை வெளியே எடுப்பாரே தவிர காபியை எடுக்க மாட்டார்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு கொண்டுபோனாலும் கேள்வி இல்லை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உணவுப்பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும். காற்று உறிஞ்சிய பொட்டலம் கெட்டியாக இருப்பதால், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் சந்தேகத்தோடு திறந்து பார்ப்பார்கள். சரக்குப் பெட்டியில் போட்டுவிடுவது நல்லது.

அதே தூள், அதே இயந்திரம், அதே அளவு. ஆனாலும் லண்டனில் அந்த ருசி வரவில்லை என்கிறாரே உங்கள் கணவர், மனப்பிரமையா?

பிரமை இல்லை, வேதியியல். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டு காபியின் அமிலத்தை மழுங்கடித்துவிடும். கறுக்க வறுத்த காபிக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. இளவறுவலுக்கு உயிரே அந்தப் புளிப்புத்தான் என்று நான்காவது கேள்வியில் பார்த்தோம். அது போனால் மிஞ்சுவது சப்பென்ற பழுப்புத் தண்ணீர்.

நாத்தனார் ஐந்து லிட்டர் குடுவையில் தண்ணீர் வாங்கி, அதைக் காபிக்கு மட்டும் வைத்திருக்கிறார். குடுவைச் சீட்டில் 'உலர் எச்சம்' என்று ஒரு எண் இருக்கும். அது குறையக் குறையத் தண்ணீர் மென்மை. கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைத் தேடிப் படிக்கும் பெரியவர் யாரையாவது பார்த்தால், பெரும்பாலும் அவர் பின்லாந்துக்காரராக இருப்பார்.

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உலகமே கொண்டாடும் காபி இருக்கும்போது இந்தப் புலம்பல் எதற்கு?

காபி மோசம் என்று அவர்கள் புலம்புவதில்லை, கூர்ந்து கேட்டால் தெரியும். இத்தாலியில் நின்றுகொண்டே இரண்டு மிடறில் எஸ்பிரஸ்ஸோவை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பின்லாந்துக்காரருக்கு அப்போதுதான் உட்காரவே தோன்றும். கோப்பை காலி, அடுத்தது எங்கே என்று சுற்றிப் பார்ப்பார். இங்கே பல காபிக்கடைகளில் இரண்டாவது கோப்பையை நாமே போய் ஊற்றிக்கொள்ளலாம். இலவசம், அல்லது பாதி விலை.

கணவருக்கு லண்டனில் உறுத்தியது வேறொன்று. சக ஊழியர்கள் காபியை வாங்கிக்கொண்டு மேசைக்கே போய், திரையைப் பார்த்தபடி குடித்தார்கள். இங்கே ஒன்பதரை மணி ஆனால் மேலாளர் முதல் பயிற்சிக்கு வந்த பையன் வரை எல்லோரும் காபி அறைக்கு எழுந்து போவார்கள். பேச விஷயம் இருந்தால் பேச்சு, இல்லாவிட்டால் ஜன்னலைப் பார்த்தபடி குடித்துவிட்டு எழுந்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு யாரும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். பெட்டியில் பொட்டலத்தை எடுத்துப்போய்விடலாம், இதை எடுத்துப்போக முடியவில்லை. நல்ல காபி கிடைத்த ஊரிலும் அவர்கள் குறைப்படுவது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பேசாமல் உட்கார்ந்திருந்தால் நம்மேல் கோபம் என்று அர்த்தமா?

இல்லை. நீங்களும் பேசாமல் குடியுங்கள்.

பயணம் போகும்போது என்ன செய்வார்கள்?

சாலைப் பயணம் என்றால் பெட்ரோல் நிலையத்துக் காபிக்கடை. காபியும் சர்க்கரை தூவிய எண்ணெய்ப் பணியாரமும். லாப்லாந்துக்குப் போகும் வழியில் இந்த நிறுத்தங்களை வைத்துத்தான் தூரத்தையே கணக்குப் போடுகிறார்கள். இரவு ரயிலில் ரோவனியெமி போனால் உணவுப் பெட்டியில் காபி. எஸ்டோனியாவின் தலைநகர் தாலினுக்குக் கப்பலில் சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஏறியதும் முதல் வரிசை காபிக்குத்தான்.

காட்டுக்குப் போனால் பழைய முறை திரும்பிவிடும். கரி படிந்த கெண்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கொரகொரப்பான தூளை நேரே போட்டு, இறக்கிவைத்து, மண்டி படியும்வரை காத்திருந்து மரக்கோப்பையில் ஊற்றிக் குடிப்பது. வடக்கே அதில் ரொட்டிப் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துச் சாப்பிடுவார்கள். பன்னீரைக் காபியில் போடுவதா என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது. கொதிக்கவைத்த காபியில் இருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் இரத்தக் கொழுப்பைக் கூட்டும், காகித வடிகட்டி அவற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் தினசரிக்கு இதை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. நம் உலோக பில்டருக்கும் அந்த எண்ணெயைப் பிடித்துவைக்கத் தெரியாது, சித்தி கவனிக்க.

வெளிநாட்டில் பின்லாந்துக்காரர்களைச் சந்திக்க வேண்டுமானால் எங்கே போவது? சர்ச்சில் குளியல் அறை இருக்கிறது என்றார்களே, கேலியா?

கேலி இல்லை. லண்டனில் ராதர்ஹைத் பகுதியில் பின்னிஷ் தேவாலயம் இருக்கிறது. 1882-இல் மாலுமிகளுக்காகத் தொடங்கிய பணி. இப்போதைய கட்டடம் 1958-இல் எழுந்தது. மேலே வழிபாடு. அதே கட்டடத்தில் ரொட்டியும் காபியும் விற்கும் கடை, காபி குடிக்க இடம், நீராவிக் குளியலுக்கு சவுனா. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தருகேயும் இப்படி ஒன்று உண்டு. கணவருக்குக் கடவுள் நம்பிக்கை அதிகம் இல்லை. ஆனால் லண்டனில் இருந்தபோது தவறாமல் தேவாலயம் போனார். மாமியாருக்கு அதில் ஏகப் பெருமை, நான் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

கனடாவில் தண்டர் பே நகரத்தில் 1910-இல் கட்டிய பின்னிஷ் தொழிலாளர் மாளிகை இருந்தது. அதன் கீழ்த்தளத்தில் 'ஹோய்தோ' என்ற கூட்டுறவு உணவகம் 1918 முதல் மரம் வெட்டும் தொழிலாளர்களுக்குச் சோறு போட்டது. 2021 டிசம்பரில் தீ விபத்தில் கட்டடம் போய்விட்டது.

வீட்டுக்குக் காபிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

வாசலிலேயே செருப்பைக் கழற்றுங்கள், இதில் நமக்குப் பயிற்சி உண்டு. கையில் ஒரு காபிப் பொட்டலம் கொண்டுபோகலாம், மரியாதையான அன்பளிப்புத்தான். முறையான விருந்தானால் மேசையில் ஏலக்காய் மணக்கும் பன், பிறகு உலர்ந்த கேக், கடைசியில் கிரீம் கேக் என்று வரிசையாகப் போக வேண்டும். நேரே கிரீம் கேக்கில் கை வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் பார்ப்பார்கள்.

பழைய தலைமுறையில் இன்னொன்று. "வாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டுக்காரர் சொன்னதும் யாரும் அசைய மாட்டார்கள். மறுபடி சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை யாராவது வயதானவரைத் தள்ளாத குறையாக எழுப்பிவிட்ட பிறகே வரிசை நகரும். நம் ஊர்ப் பந்தியில் "போதும் போதும்" என்று இலையை மறைப்பவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும்.

பால் விஷயத்தில் ஏன் இவ்வளவு சோதனை செய்கிறார்கள்?

ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஜீரணமாவதில்லை. இங்கே 2001-லேயே லாக்டோஸ் நீக்கிய பால் கடைக்கு வந்துவிட்டது. வெளிநாட்டில் அது கிடைக்காத ஊரில் பாலில்லாமல் குடிப்பார்கள். விருந்துக்கு அழைத்தால் முன்பே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலேயே தங்கிவிட்டால் குடியுரிமை, ஓட்டு, பென்ஷன் எல்லாம் என்ன ஆகும்?

2003 ஜூன் முதல் இரட்டைக் குடியுரிமை உண்டு. 2019 தேர்தலிலிருந்து வெளிநாட்டிலிருந்தே தபாலில் ஓட்டுப் போடலாம். உழைத்துச் சேர்த்த ஓய்வூதியம் வெளிநாட்டுக்கும் வரும். ஆனால் அரசின் சமூகக் காப்புறுதி இங்கே குடியிருப்பதைப் பொறுத்தது. நிரந்தரமாகப் போய்விட்டால் பொதுவாக அது முடிந்துவிடும். வெளிநாட்டில் வாழும் பின்லாந்துக்காரர்களுக்கென்று 1927-இல் தொடங்கிய சுவோமி செவுரா என்ற சங்கம் இதற்கெல்லாம் ஆலோசனை சொல்கிறது.

கவனிக்க வேண்டியது பிள்ளைகளை. வெளிநாட்டில் பிறந்து இரட்டைக் குடியுரிமையோடு வளரும் பிள்ளை, 22 வயதுக்குள் பின்லாந்தோடு போதிய தொடர்பு இருப்பதைக் காட்டாவிட்டால் பின்னிஷ் குடியுரிமையை இழக்கலாம். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

திரும்பி வந்த பிறகாவது நிம்மதியாக இருக்கிறார்களா?

அரைகுறையாக. லண்டனில் இருந்தபோது இந்த ஊர் காபிக்கு ஏங்கியவர், இங்கே வந்ததும் சனிக்கிழமைதோறும் சின்ன வறுவல் கடை ஒன்றில் கறுத்த எஸ்பிரஸ்ஸோவைத் தேடிப் போகிறார். கல்லாவில் நிற்கும் பெண் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதில்லை என்று வருத்தம் வேறு. லண்டனில் கேட்டபோது, முன்பின் தெரியாதவர் எதற்காக நலம் விசாரிக்கிறார் என்று எரிச்சல்பட்டவரும் இவர்தான்! அலுவலகத்து ஒன்பதரை மணிக் காபியை மட்டும் தவறவிடுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு பின்லாந்துக்காரர் வருகிறார். பில்டர் காபி கொடுக்கலாமா?

தாராளமாக. சென்னைக்கு இவர்கள் புதியவர்கள் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியபோது வந்து தங்கிப் போனவர்கள் இன்னமும் டபரா டம்ளரை நினைவு வைத்திருக்கிறார்கள். சிக்கரி இல்லாத தூளாக இருக்கட்டும், காரணம் மேலே இருக்கிறது. சர்க்கரையைத் தனியாக வையுங்கள். பால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு, டிகாக்ஷனைக் கொஞ்சம் இளக்கி ஊற்றுங்கள். நம் டம்ளர் அவருக்கு மூன்று மிடறு. காலியானதும் "இன்னொன்று?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காமல் ஊற்றிவிடுங்கள்.